வாசலில் திரும்பிய சேலைகள்

ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் அடுக்கியவள், பிறகு ஓ.எம்.ஆரில் வங்கி சாஃப்ட்வேருக்குக் கோடு எழுதியவள், இப்போது விளம்பரம் போடுகிறாள் என்றால், படிப்படியாக இறங்கி வந்துவிட்டதாகத்தான் என் சொந்தக்காரர்கள் கணக்குப் போடுகிறார்கள். சித்தப்பா இன்னும் "ஃபேஸ்புக் வேலை" என்றுதான் சொல்வார். சொல்லட்டும். இந்தத் துறையில் என்னைத் தூக்கி நிறுத்தியது அந்த வவுச்சரும் கோடும்தான். என்னைத் தூக்கி எறியப் பார்த்ததும் அவை தெரியாத ஆட்கள்தான்.

கணக்கிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ டிஜிட்டல் மார்க்கெட்டிங் பக்கம் வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கும் முப்பது வயது தாண்டியிருக்கும், கையில் ஒரு வருடத்துக்கான வீட்டுச் செலவு இருக்கும், வீட்டில் ஒருவராவது முகம் சுளித்திருப்பார் என்றே வைத்துக்கொள்கிறேன். கையில் அந்தப் பணம் இல்லையென்றால் இப்போதைக்கு வேலையை விடாதீர்கள்.

நான் வந்த வழி சுருக்கமானது. சேலத்தில் பி.காம்., அங்கேயே ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப். சி.ஏ. இன்டரில் ஒரு குரூப் தேறியது, இன்னொன்று கடைசிவரை தேறவில்லை. வங்கி ப்ராஜெக்டுக்கு டெபிட், கிரெடிட் தெரிந்தவர்கள் வேண்டும் என்று சென்னையில் ஒரு கம்பெனி எடுத்தது. டெஸ்டிங்கில் நுழைந்து எஸ்.க்யூ.எல்., ஜாவா என்று நகர்ந்து வட்டிக் கணக்கு மாட்யூலில் போய் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் போனது. ஆனால் நான் எழுதிய எதையும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில் நாத்தனார் வீட்டிலிருந்தே சுங்குடி விற்க ஆரம்பித்தாள். அவளுக்காக என் கார்டில் ஒரு சின்ன விளம்பரம் போட்டுக்கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே அவள் போன் அடித்தது. போட்ட காசு என்ன ஆனது என்பது ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும் வேலை இது. அந்த ருசிதான் என்னை இழுத்தது.

பயிற்சி வகுப்புகளைப் பற்றி ஒரே வார்த்தை: பெரிய பணம் கட்டாதீர்கள். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று போர்டு வைத்த இடத்தில் பணம் கட்டி, பட்டன் எங்கே இருக்கிறது என்பதைத்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பட்டன்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்த பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸை 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு கூகுளே நிறுத்தி, எல்லோரையும் ஜிஏ4-க்குத் தள்ளிவிட்டது. கூகுளின் ஸ்கில்ஷாப்பில் பாடமும் சான்றிதழும் இலவசம். ஒரு வருடத்தில் சான்றிதழ் காலாவதியாகும், மறுபடி எழுதிக்கொள்ளலாம். மீதியைச் சொந்தக் காசில் சின்னதாக ஒரு விளம்பரம் போட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நம் காசு போகும்போது வரும் கவனம் எந்த வகுப்பிலும் வராது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

பழைய சம்பளத்தில் பாதிக்கு ஒரு ஏஜென்ஸியில் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கொடுத்த கணக்குகளில் ஒன்று இளம்பிள்ளைச் சேலை வியாபாரி ஒருவருடையது. சேலம்காரி என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். தறிக்காரர் குடும்பம், அப்பா காலத்தில் மொத்த வியாபாரம், இவர் காலத்தில் வெப்சைட். சாஃப்ட் சில்க் சேலைகள், பெரும்பாலும் ஆயிரம் ரூபாய் விலைக்குள். வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் கேஷ் ஆன் டெலிவரி. என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கணக்கின் ரோவாஸ் பார்க்க அழகாக இருந்தது. விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்பதுதான் ரோவாஸ். ஏஜென்ஸியில் எல்லோரும் காலையில் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் அதைத்தான் பார்ப்பார்கள். நாலு என்றால் நல்ல நாள், ரெண்டு என்றால் சகுனம் சரியில்லை. மாதக் கடைசியில் பச்சை அம்புக்குறி போட்ட ஒரு ரிப்போர்ட் வியாபாரிக்குப் போகும். இரண்டாவது ரிப்போர்ட் போன அன்று அவர் போன் செய்தார்: "பாப்பா, ஆர்டர் எல்லாம் வருது. காசு எங்க போகுது?"

ஆடிட்டர் ஆபீஸில் முதல் மாதம் கற்றுக்கொடுப்பது வங்கிச் சரிக்கட்டல், அதாவது பேங்க் ரிகன்சிலியேஷன். நம் புத்தகம் ஒன்று சொல்லும், பாஸ்புக் வேறொன்று சொல்லும். வித்தியாசம் எங்கே என்று வரிவரியாகத் தேடி எழுத வேண்டும். அதையேதான் செய்தேன். விளம்பரக் கணக்கில் இருக்கும் விற்பனை, வெப்சைட்டின் ஆர்டர் பட்டியல், கொரியர் கம்பெனி அனுப்பும் செட்டில்மென்ட் ஷீட், வங்கி ஸ்டேட்மென்ட் ஆகிய நான்கையும் ஆர்டர் எண்ணையும் ஏர்வே பில் எண்ணையும் வைத்து ஒரு பைத்தான் ஸ்கிரிப்டில் கோத்தேன். ஏஜென்ஸியில் வேறு யாரும் இந்த நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்ததில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் ஓட்டை உடனே தெரிந்தது. ஆர்டர் முடிந்ததும் வரும் "நன்றி" பக்கத்தில்தான் விற்பனையை எண்ணும் டேக் இருந்தது. ஆர்டர் எண்ணை அது கூகுளுக்கு அனுப்பவில்லை. வாடிக்கையாளர் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தால், அது இன்னொரு விற்பனை. சேலை எப்போது வரும் என்று பார்க்க ஒருவர் மூன்று முறை திறந்தால் மூன்று சேலை. ஆர்டர் எண்ணைச் சேர்த்து அனுப்பினால் கூகுள் ஒருமுறைதான் எண்ணும். இது டேக் மேனேஜரில் அரைமணி நேர வேலை.

இரண்டாவது ஓட்டை பெரியது. கேஷ் ஆன் டெலிவரியில் போன சேலைகளில் கணிசமானவை வாசல்வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. கதவு பூட்டியிருக்கும், "நான் ஆர்டர் பண்ணலையே" என்பார்கள், கையில் காசு இருக்காது, நேரில் பார்த்தால் கலர் பிடிக்காது. கொரியர் ஷீட்டில் இதற்கு ஆர்.டி.ஓ., அதாவது ரிட்டர்ன் டு ஆரிஜின், என்று பெயர். விளம்பரக் கணக்குக்கு அது தெரியவே தெரியாது. அங்கே அது விற்றுப்போன சேலை.

திரும்பி வந்த சேலையை மறுபடி விற்றுக்கொள்ளலாமே, இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக ஒரு மாதிரிக் கணக்கு. சேலை விலை 1,000 ரூபாய். அதில் 5% ஜி.எஸ்.டி. போனால் கையில் 952. அடக்கம் 550. பேக்கிங்கும் அனுப்பும் செலவும் 100. நூறு ஆர்டருக்கு விளம்பரச் செலவு 25,000 என்றால் திரையில் ரோவாஸ் நாலு. நூறும் டெலிவரி ஆனால் சுமார் 5,200 ரூபாய் லாபம். முப்பது திரும்பினால் என்ன ஆகும்? எழுபது சேலைக்கு 66,667 வருகிறது. அதில் எழுபதின் அடக்கம் 38,500, நூறுக்கும் அனுப்பிய செலவு 10,000, திரும்பி வருவதற்கு ஒன்றுக்கு 80 வீதம் 2,400, விளம்பரம் 25,000. மொத்தம் 75,900. ஆக, 9,200 ரூபாய்க்கு மேல் நஷ்டம். திரையில் அப்போதும் நாலுதான். மடிப்புக் கலைந்து திரும்பிய சேலைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. கூகுளில் "டார்கெட் ரோவாஸ்" என்று வைத்துவிட்டால், யாருக்கு விளம்பரம் காட்டலாம், எவ்வளவு ஏலம் கேட்கலாம் என்பதை இயந்திரமே முடிவு செய்யும். நாம் எதை விற்பனை என்று சொல்லிக்கொடுக்கிறோமோ, அதைச் செய்தவர்களைப் போன்றவர்களைத் தேடிப் பிடிக்கும். நாங்கள் சொல்லிக்கொடுத்தது "நன்றி" பக்கத்தைப் பார்த்தவர்களை. அதனால் காசில்லாமல் ஆர்டர் போட்டுவிட்டுக் கதவைத் திறக்காதவர்களையும் அது சமர்த்தாகத் தேடிக் கொண்டுவந்தது. பட்ஜெட்டை ஏற்ற ஏற்ற அவர்களைப் போன்றவர்களே இன்னும் வருவார்கள்.

நான்கு கணக்கையும் கோத்த ஷீட்டை ஏஜென்ஸி தலைவரிடம் காட்டினேன். "நம்ம வேலை ஆர்டர் கொண்டு வர்றது. டெலிவரி கொரியர்காரன் பாடு" என்றார். டேக்கைச் சரிசெய்தால் ஒரே நாளில் ரோவாஸ் இறங்கும், தீபாவளிக்கு முன்னால் கிளையண்டுக்கு அதை யார் விளக்குவது என்பது அவர் கவலை. கடைசியாக ஒன்று சொன்னார்: "அந்த ஃபைனான்ஸ் மூளையைக் கழட்டி வெச்சிட்டு வாங்க மேடம்."

தீபாவளிக்குப் பட்ஜெட்டை ஏற்றினார்கள். பச்சை அம்புக்குறி ரிப்போர்ட் போனது. அதன் அடியில் என் பெயர் இருந்தது. "ஏன் போட்டாய்?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். சேர்ந்து சில மாதமே ஆனவள், பாதிச் சம்பளத்துக்கு வந்தவள், ரிப்போர்ட்டின் வடிவத்தை மாற்றும் அதிகாரம் இல்லாதவள் வேறென்ன செய்ய முடியும்? மெயில் அனுப்பியிருந்தேன், அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குமேல் செய்யும் கடமை எனக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பண்டிகை முடிந்த பிறகுதான் சேலைகள் திரும்ப ஆரம்பித்தன. திருப்பி அனுப்பும் சரக்கு அவசரமில்லாமல்தான் வரும். தீபாவளிக்கென்று கடன் வாங்கி எடுத்த நூலும் சேலையும் கார்த்திகையில் குடோனுக்கு வந்து உட்கார்ந்தால் பொங்கல்வரை அசையாது. வியாபாரி மகனோடு வந்து உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. தலைவர் என்னைக் காட்டி, "இவங்கதான் இந்த ரிப்போர்ட் எல்லாம் பார்த்துக்கிட்டாங்க" என்றார். வியாபாரி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. ஊர்ப் பெண் என்று நம்பியதுதான் தெரிந்தது. அந்த மாதமே கணக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் அடுத்த மாதம் கிளம்பினேன்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது, எந்தக் கணக்கைக் கையில் எடுத்தாலும் முதல் வாரம் விளம்பரத்தைத் தொடாதீர்கள். கொரியர் ஷீட்டையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கிளையண்ட் வேண்டாம். ஆர்டர் போடும்போதே கூகுளின் கிளிக் ஐடியை ஆர்டரோடு சேமித்துவைக்கச் சொல்லுங்கள். டெலிவரி ஆன ஆர்டர்களை மட்டும் பிறகு ஆஃப்லைன் கன்வெர்ஷனாக ஏற்றலாம். கிளிக் நடந்து 90 நாளுக்குள் ஏற்ற வேண்டும். ஆர்டர் குறைவாக வரும் சின்ன வியாபாரத்தில் இப்படிச் செய்தால் இயந்திரத்துக்குக் கற்றுக்கொள்ளப் போதுமான தகவல் கிடைக்காது. டெலிவரி செய்தியும் தாமதமாகத்தான் போகும். அங்கே நான் வேறு வழி வைத்திருக்கிறேன். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் 1,000 ரூபாய் என்றால், அந்தக் கடையின் பழைய திரும்பும் விகிதத்தைக் கழித்து 700 என்று அனுப்புவேன். முன்பணம் கட்டிய ஆர்டர் முழு 1,000. எந்த ஆர்டர் உண்மையில் பணம் என்று இயந்திரத்துக்கு ஓரளவு பிடிபடும். இதோடு, முன்பணத்துக்குச் சின்னத் தள்ளுபடியும் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டருக்கு அனுப்பும் முன் ஒரு வாட்ஸ்அப் உறுதிப்படுத்தலும் வையுங்கள். ஆர்டர் குறையும். குறையட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கூகுள் சொல்லும் விற்பனையையும் ஃபேஸ்புக் சொல்லும் விற்பனையையும் ஒருபோதும் கூட்டாதீர்கள். ஒரே சேலைக்கு இரண்டும் சொந்தம் கொண்டாடும். 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஐ.ஓ.எஸ். 14.5-இல், பின்தொடர்வதற்கு ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்க வேண்டும் என்று கொண்டுவந்த பிறகு, ஃபேஸ்புக் காட்டும் எண்ணில் ஒரு பங்கு மதிப்பீடுதான். கணக்குப் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தணிக்கை செய்யாத இருப்பு நிலைக் குறிப்பை நம்மில் யாராவது நம்புவோமா?

கணக்குப் படிப்பு வேறு இடங்களிலும் கைகொடுக்கும். ஏஜென்ஸி தன் கார்டில் விளம்பரச் செலவு செய்து, பிறகு மொத்தமாக ஒரு தொகை வசூலிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. விளம்பரத்துக்கான 18% ஜி.எஸ்.டி. ஏஜென்ஸி பெயரில் பில் ஆனால், உள்ளீட்டு வரிச் சலுகை யாருக்குப் போகிறது, ஏஜென்ஸி சரியாக மறுபில் போடுகிறதா என்று வியாபாரி கேட்பதே இல்லை. விளம்பரக் கணக்கை வியாபாரியின் பெயரிலும் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணிலும் திறக்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஏஜென்ஸியை மாற்றினாலும் பழைய தரவு அவரிடமே இருக்கும். ஏஜென்ஸிக்காரர்களுக்கு இந்த யோசனை பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாகக் கட்டும் விளம்பரப் பணத்துக்கு 2016-இலிருந்து 6% சமன்படுத்தும் வரி இருந்தது, 2025 ஏப்ரல் முதல் எடுத்துவிட்டார்கள். அது இருந்த காலத்தில் எங்கள் ஏஜென்ஸியில் அதைக் கேள்விப்பட்டிருந்தவள் நான் ஒருத்திதான். அதற்கு மட்டும் ஃபைனான்ஸ் மூளை தேவைப்பட்டது.

லாப வரம்பையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த லாபம் 40% என்றால் 2.5 ரோவாஸில்தான் கையைக் கடிக்காமல் நிற்கும். 25% என்றால் நாலு வேண்டும். எல்லாக் கடைக்கும் "மூணு வந்தா நல்லது" என்று சொல்பவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போங்கள்.

கோடு எழுதத் தெரிந்தது எனக்கு நன்மையும் செய்தது, தொந்தரவும் செய்தது. கூகுள் ஆட்ஸில் ஜாவாஸ்கிரிப்டில் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டலாம். ஸ்டாக் இல்லாத சேலைக்கு விளம்பரம் ஓடுகிறதா, லிங்க் உடைந்திருக்கிறதா என்று தினமும் அதுவே பார்த்து எனக்கு மெயில் அனுப்பிவிடும். ஜிஏ4-இன் தரவை பிக்குவெரிக்கு எடுத்துப்போனால், எஸ்.க்யூ.எல். தெரிந்தவருக்கு அது பழகிய வீடு. தொந்தரவு என்னவென்றால், ப்ரோகிராமருக்கு எதையும் தானியங்கியாக மாற்றாவிட்டால் தூக்கம் வராது. வாரம் ஒருமுறை கையால் பார்க்க வேண்டியதற்கெல்லாம் டாஷ்போர்டு கட்டிக்கொண்டிருப்போம். ஒருவர்கூடத் திறந்து பார்க்காத டாஷ்போர்டுகளின் கல்லறையே என்னிடம் இருக்கிறது.

நமக்கு வராதது எழுத்து. விளம்பரத்தில் "தூய தரம், நியாய விலை" என்று எழுதிவிட்டு, ஏன் யாரும் தொடவில்லை என்று நாம் முழிப்போம். நாத்தனார் எழுதினாள்: "ரெண்டு மணி நேரம் பஸ்ல உட்கார்ந்தாலும் கசங்காது." கிளிக் வந்தது. தேடல் சொற்கள் ரிப்போர்ட்டை வாரம் தவறாமல் படியுங்கள். மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. "சேலை மடிப்பது எப்படி", "பழைய பட்டுச் சேலை வாங்குபவர்" என்று தேடி வந்தவர்களுக்கும் நம் காசு போயிருக்கும். அவற்றை நெகட்டிவ் கீவேர்டில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

இன்டர்வியூவில் "ஏன் ஐ.டி.யை விட்டீங்க?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஆர்வம், கனவு என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். சம்பளத்தைக் குறைக்க அது நல்ல சாக்கு. "உங்க கிளையண்ட்டோட போன மாச ரிட்டர்ன் எவ்வளவு?" என்று திருப்பிக் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். இரண்டு இடத்தில் வேலை கிடைக்கவில்லை; மூன்றாவது இடத்தில், கேள்வியைக் கேட்ட நிமிடமே சம்பளப் பேச்சுக்கு வந்துவிட்டார்கள். இப்போது தனியாகத்தான் செய்கிறேன். இளம்பிள்ளைக்காரர் என்னிடம் திரும்பி வரவில்லை. அவருடைய சம்பந்தி வந்திருக்கிறார்.

பழைய ஏஜென்ஸியில் இப்போது மாத ரிப்போர்ட்டில் "உண்மை ரோவாஸ்" என்று ஒரு புதுப் பத்தி சேர்த்திருக்கிறார்களாம். அவர்களிடமிருந்து என்னிடம் வந்த கிளையண்ட் ஒருவர் ஷீட்டைக் காட்டினார். என் ஃபார்முலாவேதான், நான் வைத்த பத்தித் தலைப்புகளைக்கூட மாற்றவில்லை. அந்தப் பழைய ஷீட்டில், சரக்கு திரும்பி வரும் கொரியர் கட்டணம் விட்டுப்போயிருந்தது. பிறகு எழுதிய ஷீட்டில் நான் சரிசெய்துவிட்டேன். அவர்களுடையதில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கேட்டால் சொல்வேன், அதற்கு என் கட்டணம் உண்டு.